பி மேஜரில் தொடங்கிய வாத்தியார்

ஜூன் 2, ஞாயிறு

ஆபீஸ் வேலையாகப் போலந்துத் தலைநகர் வார்சா வந்து மூன்று நாள். வாஜென்கி பூங்காவில், பியானோ மேதை ஷோபானின் சிலையடியில் பியானோ கச்சேரி. டிக்கெட் கிடையாது, புல்லில் உட்கார வேண்டியதுதான். 1959 முதல் கோடை ஞாயிறுகளில் நடக்கிறதாம். பழைய சிலையை 1940இல் ஜெர்மானியர்கள் தகர்த்துவிட்டார்கள். இது 1958இல் திரும்ப வைத்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஷோபான் மேடைக் கச்சேரியில் சம்பாதித்தவர் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தேன். வாழ்நாளில் பொதுமேடை ஏறியது முப்பது தடவை சொச்சம்தான். பாரிஸில் சோறு போட்டது டியூஷன். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். கையில் வாங்கமாட்டார், மாணவிகள் கணப்பின் மேல் வைத்துவிட்டுப் போகவேண்டும், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பெரிய இடத்துப் பெண்கள்தான் பெரும்பாலும். கோபம் வந்தால் பென்சிலை ஒடிப்பாராம்!

ஜூன் 5, புதன்

சிறுவயதில் எனக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சி மேஜர் ஸ்கேலில், அதாவது அந்த ஸ்வர வரிசையில், உட்கார வைத்தார். எல்லாம் வெள்ளைக் கட்டை, சுலபம் என்று. விரல் வளைந்தால் முட்டியில் பிரம்பால் ஒரு போடு. ஷோபான் நேர் எதிர். கருப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜரில் தொடங்கி, சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். நீள விரல்கள் கருப்புக் கட்டைகளில் தாமாகவே போய் உட்காருகின்றன. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வெள்ளை. கை இருக்கிற வடிவத்துக்கே ஸ்கேல்! முப்பது வருஷம் கழித்து இதைத் தெரிந்துகொண்டதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஜூன் 7, வெள்ளி

மழை. நாள் முழுக்க மீட்டிங்.

ஜூன் 8, சனி

திருச்சிலுவை தேவாலயம். 1849இல் பாரிஸில் இறந்த ஷோபானின் உடல் அங்கேயே. இதயத்தை மட்டும் அக்கா லுட்விகா இங்கே கொண்டுவந்தார். தூணுக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மாள் தூணைத் தொட்டுக் கும்பிட்டார்.

பியானோ கற்பிக்க ஷோபான் ஒரு நூல் எழுதத் தொடங்கி, குறிப்புகளோடு நிறுத்திவிட்டார். அதில் ஒன்று: ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு விதமாக அமைந்தது, எல்லாவற்றையும் சமமாக்கப் பாடுபடவேண்டாம். மாணவர்களிடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாதகம் செய்யாதீர்கள் என்பாராம். நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்றும்.

சரி, இன்று இடது கை, பி மேஜர். தொடங்குவதே நாலாவது விரலில். அரைமணி ஆனது, இன்னும் முரண்டுதான்.