படகுக்கு ஏணி: கயிற்றில் தொடங்கி எஸ்.எஸ். வரை

போன சித்திரை, மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு அப்பாவும் நானும் குளிக்க இறங்கினோம். அப்பாவுக்கு 66 வயது, இப்போதும் நன்றாக நீந்துவார். ஆனால் திரும்பப் படகில் ஏற முடியவில்லை. எங்களுடையது 18 அடி ஃபைபர் படகு. விளிம்பு தண்ணீருக்கு மேல் 26 அங்குலம் நிற்கும். நான் எப்படியோ தொற்றி ஏறி, அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்ததில் விலாவெல்லாம் சிராய்ப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தனியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

முதலில் கயிற்றேணி வாங்கினேன். சுருட்டி வைக்க வசதி, அவ்வளவுதான். படியில் கால் வைத்து உந்தியதும் ஏணி படகின் அடிக்குள் ஓடுகிறது. கால் முன்னே போய், முதுகு பின்னே சாய்ந்து, உடம்பின் பாரம் முழுக்கக் கையில் விழுகிறது. கையில் வலு உள்ளவருக்கு ஏணியே தேவையில்லையே!

அடுத்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஏணி செய்ய முடிவெடுத்தேன். அதற்கு முன்னால் செய்த ஒரு வேலைதான் இதில் மிகவும் உதவியது. அளவு பார்க்க ஒரு மாதிரி ஏணி: இரண்டு மூங்கில் கழி, நடுவே கட்டையைக் கயிற்றால் கட்டிய படிகள். படியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். வழக்கம்போல் பெட்ரோல் கேன், நங்கூரம், இரண்டு ஆள் எல்லாம் படகில் இருக்கும்போது நீர்மட்டத்தில் கோடு போட்டுக்கொண்டு, கீழ்ப்படியை இறக்கி இறக்கிப் பார்த்தோம். நீருக்கு 12 அங்குலம் கீழே இருந்தபோது முழங்கால் நெஞ்சைத் தொட்டது. அந்த நிலையில் உந்த முடியாது. 18-இல் எனக்குச் சரி, அப்பாவுக்கு முடியவில்லை. 24-க்கு இறக்கியதும் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிவந்தார். தண்ணீருக்குள் உடம்பு கனப்பதில்லை. நெஞ்சு வெளியே வரும்போதுதான் முழு எடையும் தெரியும். அதற்குள் இரண்டு படி ஏறியிருக்க வேண்டும். அமெரிக்கப் படகு நெறிமுறையும் கீழ்ப்படிக்குக் குறைந்தது 22 அங்குல ஆழம் கேட்கிறது என்று பிறகு தெரிந்தது.

அமரத்தில் (படகின் பின்பக்கம்), மோட்டாருக்கு வலப்பக்கம் இடம் குறித்தேன். பக்கவாட்டில் மாட்டினால் ஆள் ஏறும்போது படகு அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் அமரத்தில் மாட்டினால் ஒரு விதி உண்டு: ஆள் தண்ணீரில் இருக்கும்வரை என்ஜின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரல் போதாது.

வெல்டிங் பட்டறையில் அண்ணன் முதலில் எடுத்துக்கொடுத்தது 202 என்ற தரத்தில் எஸ்.எஸ். குழாய். "காந்தம் ஒட்டலை பாருங்க தம்பி, நல்ல எஸ்.எஸ்." என்றார். 202, 304, 316 மூன்றிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது; காந்தத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்காமல் காப்பது 316-இல் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம். அதைக் காட்டும் சொட்டு மருந்து கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் 316 குழாய் வாங்கினேன். "அண்ணே, வெல்டுல தீஞ்ச நிறம் நின்னா துரு அங்கதான் முதல்ல வரும்" என்று சொல்லி, பற்றுவைத்த இடமெல்லாம் அந்தக் கறையை நீக்கும் பசை தடவிச் சுத்தம் செய்ய வைத்தேன்.

மொத்தம் நான்கு படிகள், ஒவ்வொன்றுக்கும் 12 அங்குல இடைவெளி. வெறுங்காலில் உருட்டுக் குழாய் வலிக்கும் என்பதால் தட்டையான தேக்குப் பலகை வைத்தேன். கீழ் இரண்டு படியும் மடங்கும். மூட்டில் ஒரு தடுப்பு இருப்பதால், கீழே விரித்த பிறகு கயிற்றேணிபோல் அடிக்குள் ஓடாது.

பின்பலகையின் உள்ளே பிளைவுட் இருக்கிறது. அதில் நீர் புகுந்தால் அழுகிவிடும். அதனால் முதலில் 12 மி.மீ. துளை போட்டு எப்பாக்ஸி பிசின் நிரப்பினேன். இறுகியதும் அதன் நடுவே 8 மி.மீ. துளை. 316 போல்ட், உட்புறம் 6 மி.மீ. தகடு, நீர் புகாமல் அடைக்கப் பாலியூரித்தேன் சீலன்ட். இறுகும்வரை இரண்டு நாள் படகைத் தொடவில்லை.

மடங்கிய பகுதியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று நீர்மட்டத்துக்குச் சற்று மேல்வரை தொங்குகிறது. தண்ணீரில் இருப்பவரே அதை இழுத்து ஏணியை விரிக்கலாம்.

கடந்த ஞாயிறு அப்பா தனியாக இறங்கி, கயிற்றை இழுத்து, மூன்று முறை ஏறி இறங்கினார். மூன்றாம் முறை, "மேல் விளிம்பில் பிடிக்க ஒரு கைப்பிடி வைடா" என்றார். குழாய் மிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் பட்டறைக்குப் போகிறேன்.