“ஹெடரும் மாறியிருக்கிறது, சார்”

“ஹெடரும் மாறியிருக்கிறது, சார். சார்ந்த பேக்கேஜ்களையும் பில்டு செய்யவா?”

“அபிடிஃப் பூஜ்யம் சொல்லிவிட்டதே. பிறகு எதற்கு?”

“சரி, சார்.”

கேட்டவள் என் குழுவின் இளையவள்; மறுத்தவன் நான். பேச்சு இவ்வளவுதான். அந்த ‘சரி, சார்’ இன்னும் என்னை விட்டபாடில்லை.

எப்போது எதை பில்டு செய்வது, அதாவது மூல நிரலிலிருந்து மறுபடி உருவாக்குவது, என்ற விதியை எழுதியவன் நான். எங்கள் அடிப்படை லைப்ரரியை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல் தொகுப்பு) நம்பிச் சுமார் 130 பேக்கேஜ்கள், அதாவது நிரல் பொதிகள், இருந்தன. லைப்ரரியின் ஃபங்ஷன்களை மற்ற நிரல்களுக்கு அறிவிக்கும் கோப்பான ஹெடரில், இயந்திரம் பொருட்படுத்தாத ஒரு குறிப்பின் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அத்தனையும் விடிய விடிய பில்டு ஆகும். 1976-இல் எழுதப்பட்ட மேக் என்ற பில்டு கருவி, இன்றும் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கிறது; உள்ளே என்ன மாறியது என்பது அதற்குப் பொருட்டில்லை. அதனால் அபிடிஃப் என்ற ஒப்பீட்டுக் கருவியைக் காவலுக்கு வைத்தேன். பழைய லைப்ரரியையும் புதியதையும் அருகருகே வைத்து, ஃபங்ஷன்களின் பெயர்கள், வகைகள், ஸ்ட்ரக்ட் என்னும் தரவுக் கட்டமைப்பின் உறுப்புகள் உட்கார்ந்திருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் அது ஒப்பிடும். வேறுபாடு இல்லையென்றால் பூஜ்யம். பூஜ்யமானால் லைப்ரரியை மட்டும் பில்டு செய்தால் போதும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் வழியும் ஏறக்குறைய இதுதான்: சோநேம் (லைப்ரரிக்குள் பதிந்திருக்கும், இடைமுகப் பதிப்பைச் சொல்லும் பெயர்) மாறாதவரை சார்ந்த பேக்கேஜ்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே நான் ஒன்றும் கிறுக்குத்தனமாகச் செய்துவிடவில்லை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாயிற்று.

அபிடிஃப் பார்ப்பது பைனரி இடைமுகத்தை, அதாவது கம்பைல் ஆகி இயந்திரக் கட்டளைகளாக மாறிய நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை. அதன் ஆங்கிலச் சுருக்கத்தையும், நிரல் எழுதுபவர் பார்க்கும் நிரல் இடைமுகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஏபிஐ’தான். சிரித்துவிட்டுப் போகலாம்; ஆனால் அன்று நான் செய்த குழப்பம் இதற்குப் பக்கத்து வீடு.

அன்றைய திருத்தம் ஓர் இன்லைன் ஃபங்ஷனில். பஃபரின் (தற்காலிக நினைவக இடம்) அளவைச் சரிபார்க்கும் வரியில் ‘பெரிதானால்’ என்பது ‘பெரிதோ சமமோ ஆனால்’ என்று மாறியது. கூடியது ஒரே ஒரு சமக்குறி. இன்லைன் ஃபங்ஷன் லைப்ரரிக்குள் குடியிருப்பதில்லை. அழைக்கும் பேக்கேஜ் கம்பைல் ஆகும்போது அதற்குள்ளேயே பிரதியெடுத்து ஒட்டப்பட்டுவிடுகிறது. அபிடிஃப்பின் கண்ணில் அது படாது. கருவி பொய் சொல்லவில்லை.

லைப்ரரி புதிய பதிப்பு எண்ணோடு போனது. பிழை தீர்ந்தது என்று பதிவை மூடியவனும் நானே. 12 நாள் கழித்து அதே இடத்தில் அதே முறிவு. மறுபடி பில்டு ஆகாத பேக்கேஜின் நிரலைப் பிரித்து இயந்திரக் கட்டளைகளைப் பார்த்தால், ஒப்பீட்டில் பழைய ‘பெரிதானால்’ அப்படியே இருந்தது.

அவள் ஏன் வற்புறுத்தவில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் கேட்டேன். “இன்லைன் பற்றியெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, சார். மாறிய கோப்புகளில் ஹெடரும் இருந்தது, கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.” இதைக் கேட்டு நிம்மதி வந்ததா, இன்னும் கூனிப்போனேனா என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாதவள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். தெரிந்தவன் எண்ணைக் காட்டி வாயை அடைத்திருக்கிறேன். இன்லைன் எங்கே போய் ஒட்டும் என்பதைப் புதியவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்தான்.

பிறகு ஹெடர் மாறினாலே எல்லாம் பில்டு ஆகட்டும் என்று மேலிடம் உத்தரவிட்டது. பேசல் என்ற பில்டு கருவி செய்வதைப்போல, கம்பைல் செய்து பார்த்து, பைட்டுகள் மாறவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம் என்று வாதாடினேன். முயன்றும் பார்த்தோம். ஹெடரில் ஒரு வரிக் குறிப்பைச் சேர்த்தால் கீழிருக்கும் வரி எண்களெல்லாம் நகர்ந்துவிடுகின்றன. பிழை தேட உதவும் டீபக் தகவல் மாறுகிறது. அதை உரித்துவிட்டு ஒப்பிட்டாலும், நிபந்தனை தவறினால் நிரலை நிறுத்தும் அசெர்ட் தன் வரி எண்ணை நிரலுக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறது. அந்த முயற்சி பாதியில் நிற்கிறது. என் பழைய விதி முழு முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்ள மட்டும் இன்றைக்கும் மனம் வரவில்லை; அது மிச்சப்படுத்திய இரவுகளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. ஹெடரில், ஒரு குறிப்பில், விட்டுப்போன ஒரு காற்புள்ளி. வரி எண்கூட நகராது. கீழே எழுதியிருந்தாள்: “130 பேக்கேஜ்களும் பில்டு ஆக வேண்டும்.”

வேண்டாம் என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். ஒப்புதல் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.