ரயில் போன வழியில் சான்ரெமோவுக்கு

வடமேற்கு இத்தாலியின் கடலோரச் சிற்றூரான சான் லொரென்சோ அல் மாரேயில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த சைக்கிளில் ஏழு கியர் என்றார்கள். வேலை செய்தவை மூன்று. காலையில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டப்போவது ரயிலுக்காகப் போட்ட வழி, ரயிலுக்குத்தான் செங்குத்து ஏற்றம் ஆகாதே!

2001-இல் ரயில் பாதையை மலைக்குள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்கள். கடலை ஒட்டி ஓடிய பழைய ஒற்றைத் தடம்தான் இன்று ஒஸ்பெதலெத்தி வரை 24 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. இடதுபக்கம் கூடவே வருகிறது கடல். முன்பு டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைத்த ஜன்னல் சீட்டு, இப்போது மிதிக்கிற எல்லோருக்கும்.

1907-இல் தொடங்கிய மிலான்–சான்ரெமோ சைக்கிள் பந்தயம் பக்கத்து ஔரேலியா சாலையில்தான் போகும். ஆனால் இத்தாலியைச் சுற்றும் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜீரோ தித்தாலியா 2015-இல் இந்தப் பாதையிலேயே தொடங்கியது: சான் லொரென்சோவிலிருந்து சான்ரெமோவுக்கு 17.6 கிலோமீட்டர் அணி நேரப் பந்தயம், அதாவது ஒவ்வொரு அணியும் தனித்தனியாக நேரத்தோடு போட்டி போடுவது. ஒரிகா கிரீன்எட்ஜ் அணி ஜெயித்து, அதன் வீரர் சைமன் ஜெரன்ஸ் முதலிடத்தில் இருப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி போட்டார். அதே தூரத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம். நடுவில் அர்மா தி தாஜ்ஜாவில் நிறுத்தி, நெத்திலியும் ஆலிவும் தூவிய, பீட்சா மாதிரியான சார்தெனைரா சாப்பிட்டதையும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஆசை விடவில்லை. சான்ரெமோவுக்குச் சற்று முன்னால் விலகி, மிலான்–சான்ரெமோ பந்தயத்தின் கடைசி ஏற்றமான போஜ்ஜோ ஏறினேன். 3.7 கிலோமீட்டர்தான், சராசரிச் சரிவு 4 சதவீதம்கூட இல்லை. மலை என்று சொன்னால் மலையே சிரிக்கும். ஆனால் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த கால்களுக்கு முன்னால் வந்து நிற்பதுதான் அதன் வில்லத்தனம். 1960-இல் அதற்காகவே பந்தயத்தில் சேர்த்தார்கள். அப்படி வந்தும் முன்னணி வீரர்கள் ஆறு நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறார்கள். நான், பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்து, இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன். மூன்று கியர்மேல் பழியைப் போட்டுவிட்டேன். இறக்கத்தின் வளைவுகளில் பிரேக்கை விடவேயில்லை. 2022 பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் மொஹோரிச் இதே வளைவுகளில் பாய்ந்துதான் ஜெயித்தார்!

சான்ரெமோவைத் தாண்டினால் காப்போ நேரோ சுரங்கம், ஒன்றே முக்கால் கிலோமீட்டர். வெயிலிலிருந்து நுழைந்ததும் சட்டென்று குளிர்ச்சி. உள்ளே மிலான்–சான்ரெமோவில் வென்றவர்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மட்டும் ஏழு முறை வென்றவர். அவர் பெயரை எண்ணிக்கொண்டே போனேன். ஐந்து வந்தபோது பின்னாலிருந்து ஒரு சிறுமி மணியடித்தாள். ஒதுங்கி வழிவிட்டதில் கணக்கு தப்பிப்போயிற்று.