பாமினி குடியிருந்த பெட்டி

11 ஒக்டோபர் 2025, சனி

அப்பாவின் கணினியில் இன்று காலை திகதி 2011 ஜனவரி 1. வட்ஸ்அப் திறக்கவில்லை, வங்கிப் பக்கம் திறக்கவில்லை, எங்கே போனாலும் சிவப்பு எச்சரிக்கை. "வைரஸ் பூந்திட்டுது பிள்ளை" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்.

வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கிற, காசு மாதிரி வட்டமான பற்றரி செத்துவிட்டது. அப்பா இரவில் சுவரில் சுவிச்சை நிற்பாட்டிவிட்டுத்தான் படுப்பவர். அதனால் பெட்டி ஒவ்வொரு காலையும் பிறந்த வருடத்துக்கே போய்விடுகிறது. இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் திகதிக்கு இன்னும் எழுதப்படவே இல்லையே, எப்படி நம்பும்? சந்திக் கடையில் சிஆர் 2032 ஒன்று வாங்கிப் போட்டேன். திகதி சரியானது, மற்றதெல்லாம் திறந்தன. வட்ஸ்அப் மட்டும் "உலாவி பழசு" என்று நின்றது. விண்டோஸ் 7க்குக் கிடைத்த கடைசிக் குரோம் 109, அது 2023 தொடக்கத்தில் வந்தது. இனிப் பற்றரி மாற்றிச் சரிவராது.

அப்பாவுக்கு வட்ஸ்அப் இல்லாவிட்டால் தொழில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் முன்விறாந்தையில் இருந்து அந்தியேட்டிக் கல்வெட்டு அடிக்கிறவர். வெளியூர் ஆட்களுக்கு: இது கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். படமும் விபரமும் கனடா, லண்டன், பாரிஸ் என்று எல்லா இடமும் இருந்து வட்ஸ்அப்பில் வரும்.

12 ஒக்டோபர், ஞாயிறு

பெட்டியைக் கழற்றினேன். பல்லி முட்டைக் கோது இரண்டு, விசிறியில் கம்பளி போலத் தூசி. உள்ளே இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், 4 ஜிபி மெமரி, 500 ஜிபி வன்தட்டு.

மேசையில் மூன்று வழி. விண்டோஸ் 10 போடலாம், ஆனால் அதற்கான ஆதரவு நாளை மறுநாள், 14ஆம் திகதியோடு முடிகிறது. சாகக் கிடக்கிறவரிடம் பெண் கேட்டுப் போவது மாதிரி. விண்டோஸ் 11 என்றால் ரிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிறகு மேம்படுத்தல் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை, அப்பாவின் பிழைப்பில் நான் பரிசோதனை செய்யமாட்டேன். மூன்றாவது லினக்ஸ் மிண்ட், இலவச இயங்குதளம். 22.2, எக்ஸ்எப்சிஈ என்கிற பாரம் குறைந்த பதிப்பு. 4 ஜிபியில் தாராளமாக ஓடும், 2029 வரை ஆதரவு.

கடைக்காரத் தம்பி ஒருவர் நாலாவது வழியும் சொன்னார்: "உதைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு எடுங்கோ அக்கா." வன்தட்டுக்குப் பதிலாகப் போடுகிற, வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா: "நல்லாத்தானே ஓடிக்கொண்டிருக்குது?"

"ஓடுது அப்பா. வீதிக் கேற்றைத் திறந்துபோட்டுட்டு ஓடுது."

விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றது 2020 ஜனவரி 14. அதைச் சொன்னேன். அப்பா கேட்டது வேறு: "பாமினி வருமோ?"

18 ஒக்டோபர், சனி

பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்வதை ஒருமுறையாவது நானும் செய்தேன்: பழைய வன்தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். கை தவறி அழிக்க வேண்டும் என்றாலும் அழிக்க முடியாது. மூன்று ஜிபிக்குக் கிட்டவான மிண்ட் நிறுவல் கோப்பை இரவே இறக்கிப் பென் டிரைவில் ஏற்றியிருந்தேன். எஸ்எஸ்டியில் மிண்ட் ஏற அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அச்சுப்பொறி தானாகவே பிடிபட்டது. வட்ஸ்அப் திறந்தது. அம்மா எட்டிப் பார்த்து "இப்ப என்ன, ரீவி மாதிரி உடனை வருது" என்றா.

இவ்வளவுதான் இயங்குதளக் கதை. மிச்சமெல்லாம் எழுத்துருக் கதை.

19 ஒக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அம்மா பலகாரத்தில், நாங்கள் பாமினியில்.

பாமினி தெரியாதவர்களுக்கு: அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டுவிட்ட எழுத்துரு. திரையில் "அம்மா" என்று தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைக் கழற்றினால் அம்மா போய்விடுவா. ஊரில் பத்திரிகை, கலியாண அழைப்பிதழ், பரீட்சைத்தாள் என்று எவ்வளவோ பாமினியில் அடித்தவைதான்.

எழுத்துருக் கோப்பை மிண்டில் போட்டேன். வேர்டுக்குப் பதிலாக மிண்டில் இருக்கிற லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் பாமினி வந்தது, அப்பா முகத்தில் வெளிச்சம். புதுக் கல்வெட்டு ஒன்று கையில் இருக்கிறது, அந்தியேட்டி 24ஆம் திகதி. உட்கார்ந்து மைத்துனர் பெயர்களை அடிக்கத் தொடங்கினார். வரிக்கு ஒரு பெயர்.

கந்தசாமி என்று அடித்தார். இடைவெளிக் கட்டையைத் தட்டினதும் குந்தசாமி ஆனார். தம்பிராசா தும்பிராசா ஆனார். மகாலிங்கம் முகாலிங்கம் ஆனார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பிள்ளை, இது ஆக்களைக் குந்த வைக்குது."

எனக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. மென்பொருளுக்கு அது ஆங்கில வரி. வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் மரியாதை. பாமினியில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. வேர்டிலும் இதே சேட்டை உண்டு. அப்பா அதை எந்தக் காலத்திலோ நிற்பாட்டி வைத்து, நிற்பாட்டினதையே மறந்துவிட்டார். தன்னியக்கத் திருத்தத்தில் இரண்டு சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். கந்தசாமி எழும்பி நின்றார்.

அப்பா பக்கம் அமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் அவ்வளவு லேசாக வரவில்லை. லிப்ரே ஒபிஸ் டிரோ அவற்றைத் திறக்கிறது, அதுவே பெரிய காரியம். ஆனால் வரிகள் இடம் பெயர்ந்து, இறந்த நாளைச் சொல்கிற திதி வெண்பாவின் கடைசிச் சீர் ஓரத்துக்கு வெளியே தொங்கியது.

21 ஒக்டோபர், செவ்வாய்

பழைய வன்தட்டை மீண்டும் கொழுவி, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ் 7இலேயே அந்தக் கல்வெட்டை முடிக்கச் சொன்னேன். துக்க வீட்டுக்காரரிடம் "இயங்குதளம் மாற்றினோம், பிந்தும்" என்று சொல்ல முடியுமா? அந்தியேட்டி யாருக்காகவும் தள்ளிப்போகாது. அப்பாவுக்குச் சந்தோசம், ஒரு வாரம் வெளியூர் போய் வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

25 ஒக்டோபர், சனி

மழை. கந்தசஷ்டி விரதம், அம்மா பகலில் கதைப்பதே குறைவு. நல்ல நேரம்.

மிண்டில் ஐபஸ் என்கிற உள்ளீட்டுக் கருவி வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 1326இல் இருக்கிற அதே விசைப்பலகை. அப்பாவுக்குச் சொல்லவில்லை. "அடிச்சுப் பாருங்கோ" என்றேன் மட்டும். பழைய தட்டச்சு ஒழுங்கில் வந்தது என்பதால் விரல்கள் பாமினி என்றே நினைத்து ஓடின. எஃப் தட்டினால் க, கொம்பு முதலில், எழுத்துப் பிறகு. ஒரு பக்கம் பஞ்சபுராணம் அடித்து முடித்த பிறகுதான் சொன்னேன், இது பாமினி இல்லை, எந்தக் கருவிக்கும் தமிழாகவே விளங்குகிற யூனிகோட் என்று.

"அப்ப இதைப் போனிலை அனுப்பினால் எழுத்துரு கேட்காதோ?"

"கேட்காது."

இரண்டாவது மகளுக்கு அனுப்பிப் பார்த்தார். மெல்பேணில் இருந்து தங்கச்சி உடனே "யார் அப்பா செத்தது?" என்று எடுத்துவிட்டாள்.

26 ஒக்டோபர், ஞாயிறு

அப்பா எதையும் முதலில் வேர்டில் அடித்துவிட்டுத்தான் பேஜ்மேக்கரில் ஏற்றுவார். அதனால் பழைய வன்தட்டில் முந்நூற்றுச் சொச்சம் கல்வெட்டுகளின் வேர்ட் பிரதிகள் கிடக்கின்றன. ஆனால் ஒரு பெயரைத் தேட முடியாது. கணினிக்கு அங்கே பெயர் என்று ஒன்று இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியை யூனிகோடாக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று நினைத்தேன், முதல் ஓட்டத்திலேயே கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தில் ஏறிவிட்டது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கிறது, யூனிகோடில் பின்னால் வரவேண்டும். கோ என்றால் முன்னால் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால், மூன்றும் சேர்ந்து இரண்டாக வேண்டும். அதைச் சரிக்கட்ட மத்தியானம் ஆகிவிட்டது.

நூலகம் என்கிற ஈழத்து இணைய நூலகத் தளத்தில் நினைவு மலர்களை எண்ணிமப்படுத்திச் சேர்த்து வைக்கிறார்கள். இவற்றையும் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வீட்டுக்காரரைக் கேளாமல் குடுக்கேலாது" என்றார் அப்பா. சரிதான்.

பின்னேரம் தேடல் வேலை செய்தது. புளியடி ஒழுங்கை என்று அடித்தோம், ஏழு கல்வெட்டு வந்தது. ஒரு வாத்தியாரின் பெயரைப் போட்டோம், பதினொரு வம்சாவளியில் சம்பந்தியாகவும் மாமாவாகவும் வந்து நின்றார். அப்பா ஒவ்வொன்றாகத் திறந்து "இவர் எங்கடை றேசன் கடைக்காரர்", "இவவின்ரை மகன்தான் அந்தக் கிணறு வெட்டினவன்" என்று வாசித்துக்கொண்டே போனார். தேநீர் ஆறிப்போனது.

அப்போது எனக்கு ஒரு குரங்குப் புத்தி. குந்தசாமி என்று போட்டேன்.

ஒன்று வந்தது. 2016, வீட்டுக்காரரே வேர்டில் அடித்துப் பென் டிரைவில் கொண்டு வந்து கொடுத்தது. மருமக்கள் பட்டியலில் முதல் ஆள். முந்நூறு பிரதி அச்சடித்துக் கொடுத்தாயிற்று.

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"அவர் இப்ப ரொறன்ரோவிலை. நீ ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.