எச்சரிக்கை விளக்கும் புகைத்தூள் வடிகட்டியும்

டீசல் காரின் டி.பி.எஃப்., அதாவது புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பலர் வடிகட்டியையே மாற்றத் துணிகிறார்கள். நானும் ஏறத்தாழ அந்த முடிவுக்கு வந்துவிட்டுத்தான், லேப்டாப்பை ஓ.பி.டி. எனப்படும், காரின் கோளாறறியும் இணைப்பில் பொருத்தி எண்களைப் பார்த்தேன். மென்பொருள் காட்டும் கரியின் அளவு பெரும்பாலும் கணக்கிடப்பட்ட மதிப்பே என்பதால், வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஐட்லிங்கிலும், வேகத்தை உயர்த்தியும் ஒப்பிட்டேன். என்ஜினை நிறுத்திய பிறகு அந்த மதிப்பு பூஜ்ஜியத்தை ஒட்டி வராவிட்டால், சந்தேகப்பட வேண்டியது வடிகட்டியை அல்ல, சென்சாரையோ அதன் குழாய்களையோதான். என் காரில் ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது.

அதை மாற்றிய பின்பே ரீஜெனரேஷனைத் தொடங்கினேன். கூடுதல் டீசலைச் செலுத்தி வெளியேற்றும் வாயுவைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கரியை எரித்துவிடும் முறை இது. காரை நிறுத்திவைத்துச் செய்வதானால், காய்ந்த புல்லோ கூரையோ இல்லாத திறந்தவெளி கட்டாயம் வேண்டும். ஓட்டியபடி செய்ய மென்பொருள் அனுமதித்தால், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்வதையே நான் விரும்புவேன். இடையில் நிறுத்தப்படும் ரீஜெனரேஷன்களில் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும் என்பதால், ஆயிலின் மட்டம் உயர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைந்த வடிகட்டியை எத்தனை முறை சூடாக்கினாலும் பயனில்லை, கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோதான் வேண்டும்.