படுத்தால் 168, நின்றால் 94: அப்பாவின் பிபியோடு ஒரு மல்லுக்கட்டு

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து பல வருஷம் ஆகிறது. நடுக்கத்துக்கும் மெதுநடைக்கும் வீடே பழகிவிட்டது. எழுந்ததும் கண் இருட்டுவதுதான் புதிது. நின்றால் பிடரியும் தோளும் வலிக்கும், உட்கார்ந்தால் வலி போய்விடும். பக்கத்து கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து பிபி பார்ப்பார்கள். 130/80. "நல்லாத்தானே இருக்கு, வயசாயிடுச்சுல்ல" என்று சத்து மாத்திரை எழுதித் தருவார்கள்.

நரம்பு டாக்டர்தான் படுக்கவைத்துப் பார்த்தார். 168/92. நிற்கவைத்து மூன்றாவது நிமிஷம் 94/58. அதற்குள் அப்பா "போதும் டாக்டர், கண்ணு மங்குது" என்று கட்டிலைத் துழாவ ஆரம்பித்துவிட்டார். எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். இவருக்கு 70க்கு மேல். உடம்பில் தண்ணீர் குறைந்து பிபி இறங்கினால் நாடி எகிறும். அப்பாவுக்கு நாடி அசையவே இல்லை. ரத்தக்குழாயை இறுக்கு, இதயத்தை முடுக்கு என்று சொல்ல வேண்டிய நரம்புகளையும் இந்த நோய் மந்தமாக்கிவிடுகிறது.

முதலில் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். புராஸ்டேட்டுக்குத் தின்றுகொண்டிருந்த டாம்சுலோசின் பிபியை இறக்கும்; சிறுநீரக டாக்டரிடம் பேசி அதை மாற்றினார்கள். பார்க்கின்சனுக்குத் தின்னும் லெவோடோபாவும் இறக்கும்தான், ஆனால் அது இல்லாமல் அப்பா கட்டிலைவிட்டு எழவே முடியாது.

அடுத்தது கட்டில். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரையடி உயர்த்தினோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், உடம்பு முழுக்கச் சாய்வாக இருக்க வேண்டும். தட்டையாகப் படுத்தால் பிபி ஏறி, சிறுநீரகம் ராத்திரி முழுக்க உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றிவிடுகிறது. விடியற்காலையில் அவர் விழப்போனதெல்லாம் அதனால்தான். அம்மாவுக்குச் சறுக்குமரத்தில் படுத்த மாதிரி இருந்ததாம், தனிக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

காலையில் எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர், மடமடவென்று. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு எழுவார். இதயமும் சிறுநீரகமும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு உப்பைக் கூட்டச் சொன்னார்கள். இலையில் ஊறுகாய் விழுந்ததும் சித்தப்பா பதறியதை அப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பார். வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் பிபி படுத்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. இறுக்கமான நீளக் காலுறையும் வாங்கினோம். நம்ம ஊர் வெயிலில், நடுங்கும் கையோடு அதை மாட்டுவது நடக்கிற காரியமில்லை. என்னைக் கேட்டால் வயிற்று பெல்ட்டே மேல். எழுவதற்கு முன் கட்டி, படுக்கும்போது கழற்றிவிடலாம்.

இதற்கும் அடங்காததால் பிபியை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரையைத் தொடங்கினார்கள். பகலில் மட்டும். போட்டபின் நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் பிபி எகிறும். மத்தியானத் தூக்கம் போனதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம். கடைசியில் ஈசிசேரையும் ரொம்பச் சாய்க்காமல் போட்டு, அதில் கண்ணயர்வது என்று சமாதானம் ஆனது.

நோட்டில் இப்போது இரண்டு கட்டம்: படுத்தபடி, நின்றபடி. படுத்தபடி 160 வந்தால் பதறுவதில்லை. 180 தாண்டினால் உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.