ஆன்லைன் தெரபி: கார்டின் பின்பக்கத்தையும் மாநில எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்

அப்பா இறந்து பல மாதம் ஆகியும் தூக்கம் சரியாகாததால், எல்.சி.எஸ்.டபிள்யூ. (மனநல ஆலோசனை தர லைசென்ஸ் பெற்ற சோஷியல் வொர்க்கர்) ஒருவரிடம் ஆன்லைனில் தெரபி ஆரம்பித்தேன். தெரபி நன்றாகவே போகிறது. ஆனால் அதைச் சுற்றி இருக்கும் நடைமுறைகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஏற்கனவே மனம் சோர்ந்துபோனவர்கள்தான் இதற்கு வருகிறார்கள். அவர்களையே இப்படி அலைய விட்டால் பாதி வழியில் விட்டுவிட மாட்டார்களா என்ற கோபம் இன்னும் இருக்கிறது. நான் இருப்பது அமெரிக்காவில் நியூ ஜெர்சி. மற்ற மாநிலங்களில் சில விவரங்கள் மாறும்.

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் தெரபிஸ்ட் பட்டியல். ‘புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்’ என்று போட்டிருக்கும். கூப்பிட்டால் ஒருவர் அந்த இன்சூரன்ஸிலிருந்து எப்போதோ விலகியிருப்பார், இன்னொருவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், மற்றவர்களுக்கு வாய்ஸ்மெயில்தான். தெரியாத ஒருவரிடம் ‘அப்பா தவறிட்டார், தூக்கம் வரலை’ என்று முதலிலிருந்து சொல்லி, ‘இடமில்லை’ என்று கேட்டு போனை வைப்பது கொடுமை. அதனால் போன் செய்வதை நிறுத்தினேன். இன்சூரன்ஸ் பெயர், எந்த மாநிலத்தில் இருக்கிறேன், எந்த நேரம் வசதிப்படும், காரணம் ஒரு வரியில் என்று ஒரே மின்னஞ்சலை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். பதில்கள் அதன் பிறகுதான் வரத் தொடங்கின.

பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டப்படி இந்தப் பட்டியலை 90 நாளுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். பட்டியல் தப்பாக இருந்து, அதை நம்பி நீங்கள் போயிருந்தால், நெட்வொர்க்குக்குள் (உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தத்தில்) இருப்பவருக்குக் கட்டும் தொகையைத்தான் உங்களிடம் வாங்கலாம். அந்த நிலை வந்தால் ஸ்க்ரீன்ஷாட்தான் கைகொடுக்கும்.

லைசென்ஸையும் அதைத் தரும் மாநில போர்டின் இணையதளத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள், காசு கிடையாது. இங்கே எல்.எஸ்.டபிள்யூ. என்று இருந்தால் அவர் இன்னொருவரின் மேற்பார்வையில் பார்ப்பவர், எல்.சி.எஸ்.டபிள்யூ. தனியாகவே பார்க்கலாம். முன்னவர் மோசம் என்றில்லை, க்ளெய்ம் (இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் பில்) யார் பெயரில் போகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் மாத்திரை எழுதித்தர மாட்டார்கள்.

படிவங்கள், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான கேள்வித்தாள்கள், முதல் செஷன் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன.

அப்புறம் வந்தது இ.ஓ.பி., அதாவது யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் விவரத்தாள். முழுத் தொகையும் என் தலையில், ‘இந்தச் சேவைக்குக் காப்பீடு இல்லை’ என்ற வரியோடு. இன்சூரன்ஸைக் கேட்டால் ‘தெரபிஸ்டின் பில்லிங் ஆபீஸ் க்ளெய்மைத் திரும்ப அனுப்ப வேண்டும்’ என்றார்கள். பில்லிங் ஆபீஸைக் கேட்டால் ‘உங்கள் பிளானில் இல்லை என்று பதில் வந்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது’ என்றார்கள். இரண்டு பக்கமும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் போனில் வந்த ஒரு பெண் பொறுமையாக, ‘கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்’ என்றார். பொடி எழுத்தில் மனநலத்துக்கு என்று வேறொரு கம்பெனியின் பெயரும் எண்ணும் இருந்தன. என் பிளானில் மனநல க்ளெய்ம்களைக் கவனிப்பது அந்தக் கம்பெனி. பில்லிங் ஆபீஸ் முன்பக்கத்தில் இருந்த பெயருக்கு அனுப்பியிருக்கிறது. நான் சேரும்போதே கார்டின் இரண்டு பக்கத்தையும் அனுப்பியிருந்தேன். அங்கே யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணையே லைனில் இருக்கச் சொல்லி, பில்லிங் ஆபீஸையும் அதே அழைப்பில் சேர்த்தேன். இவ்வளவு நாள் நகராத விஷயம் அந்த ஒரே அழைப்பில் தீர்ந்தது. க்ளெய்ம் சரியான இடத்துக்குப் போய், எனக்குக் கோபே (ஒவ்வொரு செஷனுக்கும் நான் கட்ட வேண்டிய பங்கு) மட்டும்தான் வந்தது. போனை வைத்ததும் அவ்வளவு நிம்மதி! பேசும் ஒவ்வொரு முறையும் ரெஃபரன்ஸ் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படியும் தீராவிட்டால் அப்பீல் செய்ய, மறுப்பு வந்ததிலிருந்து பொதுவாக 180 நாள் உண்டு. சேருவதற்கு முன்பே கேட்பதானால், ‘தெரபிக்குக் கவரேஜ் உண்டா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘90834, 90837 இரண்டும் வீட்டிலிருந்து டெலிஹெல்த்தாகச் செய்தால் என் பங்கு எவ்வளவு’ என்று கேளுங்கள். இவை பில்லில் போடும் சேவை எண்கள்: முன்னது 45 நிமிட செஷன், பின்னது ஒரு மணி நேரத்துக்கானது. எண்ணைச் சொன்னால் பதில் தெளிவாக வருகிறது.

இதையெல்லாம் விட மனதை நோகடித்தது வேறு. ஃபிலடெல்பியாவில் இருக்கும் அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்று அங்கே போய்த் தங்கியிருந்தேன். செஷன் ஆரம்பிக்கும்போது தெரபிஸ்ட் எப்போதும் ‘இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்பார். அவசரம் என்றால் உதவி அனுப்ப அது வேண்டும். அன்று அக்கா வீட்டு முகவரியைச் சொன்னேன். ‘மன்னிக்கணும், பென்சில்வேனியாவில் எனக்கு லைசென்ஸ் இல்லை, செஷனைத் தொடர முடியாது’ என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்த நாள் அது, அப்பாவின் கடைசி நாட்கள் அப்படியே கண்முன் வந்து நின்றன, பேசியே ஆக வேண்டியிருந்தது. அவர் சட்டென்று வைத்துவிடவில்லை. பாதுகாப்பாக இருக்கிறேனா என்று கேட்டு, தாங்க முடியாமல் போனால் மனநல அவசர உதவி எண்ணான 988-ஐ அழைக்கச் சொல்லி, மறுநாளுக்கே நேரம் தந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

தெரபிஸ்ட் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் கணக்கில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். சைக்காலஜிஸ்ட்களுக்கு ‘சைபேக்ட்’ என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் இருக்கிறது, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா இரண்டுமே அதில் உண்டு. ஆனால் சோஷியல் வொர்க்கர்கள் அதில் வர மாட்டார்கள். அவர்களுக்கான தனி ஒப்பந்தம் நடைமுறைக்கு வரத் தேவையான 7 மாநிலங்கள் 2024-இல் சேர்ந்துவிட்டன, ஆனாலும் எனக்கு இது நடந்தபோது அதன்படி லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கவில்லை. நோயாளி இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறாளா, அந்தப் பக்கமா என்று பார்த்து உதவியை நிறுத்தும் இந்த விதி மாறியே ஆக வேண்டும்.

மறுநாள் அத்தானின் காரை எடுத்துக்கொண்டு பென் ஃபிராங்க்ளின் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தேன். ஒரு நூலகத்தின் பார்க்கிங்கில் நிறுத்தி, போன் ஹாட்ஸ்பாட்டில் செஷன் செய்தேன். நூலக முகவரியைச் சொன்னதும் தெரபிஸ்ட் சரி என்றார். அப்பாவின் கடைசி வாரத்தைப் பற்றி முழுதாக என்னால் பேச முடிந்தது அன்றைக்குத்தான். இப்படிச் செய்வதானால் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெட்போன் போட்டு, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

பிள்ளை வேறு மாநிலத்தில் படிக்கிறது, வேலைக்காக அடிக்கடி பயணம் என்றெல்லாம் இருந்தால், ‘எந்தெந்த மாநிலங்களில் லைசென்ஸ் இருக்கிறது’ என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாநிலங்களில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தியா போகும் நாட்களைப் பற்றியும் கேளுங்கள். என் தெரபிஸ்ட் அங்கிருந்து செஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன் ஒன்று, வந்ததும் ஒன்று என்று நேரம் குறித்திருக்கிறோம். பென்சில்வேனியா லைசென்ஸுக்கும் இப்போது விண்ணப்பித்திருக்கிறார். அது வந்துவிட்டால் அக்கா வீட்டிலிருந்தே பேசலாம்.